கொறங்காட்டு ஊதா

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பனியன் துணி இருக்கிறது. ஊதா நிறம். நான்கு மூலைகளில் மூன்றுதான் மிச்சம். நான்காவது மூலை தாறுமாறாகப் பிய்ந்து, நூல் சுருண்டு கிடக்கும். கத்தரிக்கோல் செய்த வேலை அல்ல என்பது துணி வியாபாரத்தில் இருக்கிற யாருக்கும் பார்த்தவுடனே தெரியும். எலியா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிக் கதையை ஆரம்பிப்பேன். உடனே அவர்களுக்கு அவசரமாக ஒரு ஃபோன் வந்துவிடும். மெர்ச்சண்டைசர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு ஃபோன் வருவது திருப்பூரில் ஏறக்குறைய இயற்கை விதி. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் பாதியில் எழுந்து போகிறவர்களை நான் பார்க்க வேண்டியதில்லை.

மெர்ச்சண்டைசர் என்றால் நம்மிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்வதைத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலை சொல்லத் தயங்குவதை பையருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்கிறவன். முதுகலை வரை தமிழ் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். குறிஞ்சி, முல்லை என்று ஐந்து திணைகளைப் பற்றியும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆனால் என் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த நிலம் எந்தத் திணையில் சேரும் என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனி வீரபாண்டியைத் தாண்டிப் பல்லடம் போகிற பக்கம் இருக்கிறது. பின்சுவருக்கு அந்தப் புறம் முதலாளியின் குடும்பத்துக் கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது உழுது பயிர் செய்யாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைக்கிற மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை மரங்களாலான உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். மேய்ப்பவர் யாரும் இல்லாமலே சாயங்காலம் வரை அவை தங்கள் வேலையைப் பார்க்கும். எங்கள் அலுவலகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்தத் துணிக்குச் சொந்தக்காரர் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எங்கள் பழைய டையிங் மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஜவுளி வேதியியல் படித்தவர். துணியின் நிறம் அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு எங்கள் தொழிலில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்து என்றால் அசலும் நகலும் ஒன்றே. மேனேஜர் நாலரையைத் தாண்டிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் அந்த அளவுகோல்தான். கேன்டீன் சாம்பாருக்கு மூன்று. முதலாளி மகளின் கல்யாணப் புடவைக்கு நாலு. அதையும் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தீபாவளிக்கு நான் போட்டுக்கொண்டு போன புதுச் சட்டைக்கு ஒன்றரை கொடுத்து, சாயம் இறங்கும், தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள் என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தார். துவைக்கிறவனே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஏன் சார் ஒருத்தருக்கும் ஐந்து கிடையாதா என்று ஒரு முறை கேட்டேன். "அஞ்சு போட்டுட்டா நாளைக்கு எதுக்குவே நான் வேலைக்கு வரணும்?" என்றார்.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் பெரிய பையரிடமிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். குழந்தைகள் உடுப்புக்கு அடுத்த பருவத்து நிறங்களைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. நாங்கள் விரித்த நிற அட்டைகளையெல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நடுவில் ஃபோன் வந்தது. சிக்னல் தேடிப் பின்வாசல் வழியாகப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், கொறங்காட்டின் படலைத் திறந்துகொண்டு உள்ளே போய், ஃபோனை மறந்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சாண் உயரத்துக்கு ஒரு செடிக் கூட்டம். நகக்கண் அளவுப் பூக்கள். ஊதா என்று நான் எழுதுவது என் இயலாமை. ஊதாவுக்குள் கொஞ்சம் நீலம், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, வெயில் பட்டால் உள்ளிருந்து விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம். இதுதான் வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. அட்டையில் இதற்கு மிக நெருக்கமான எண்ணைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வைக்கு மேனேஜர் பின்னாளில் நாலரை கொடுத்தார்.

பூவைப் பறித்து லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். கதவைத் திறப்பதற்குள் அது சுருண்டு, வெந்த கத்தரித்தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை ஈரத் துணியில் வைத்துக் கொண்டுபோனதும் அதே கதி. அது காலையில் மலர்ந்து உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்கிற பூ என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பூ லேபுக்கு வராது என்றால் லேப்தான் பூவிடம் போக வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். இரவில் சாயமேற்றிய துண்டுத் துணிகளை ஓர் அட்டையில் குத்திக்கொண்டு, காலையில் கொறங்காட்டுக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு துணியாகப் பூவுக்குப் பக்கத்தில் வைத்து, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து வருவார். பாதிப் பகல் காலில் குத்திய வெள்வேல முள்ளை எடுப்பதில் போகும். அங்கே ஆடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்த அம்மாள் சில நாள் இதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரியவருக்குக் கைக்குட்டை காயப்போட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று என்னிடம் விசாரித்தார். பூவின் பெயரை அவரிடம் கேட்டேன். "அது என்னமோ பூடுங்க சாமி. ஆடுகூட வாய வெக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெயர் தெரியாத செடிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று கல்லூரியில் தாவரவியல் நடத்தும் என் நண்பனை வரவழைத்தேன். அவன் அதைப் பார்த்ததும் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் குப்புறப் படுத்துவிட்டான். லத்தீனில் என்னவோ சொன்னான். நான் உச்சரித்தால் அது வேறு செடியாகிவிடும். கொங்கு நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் அபூர்வமாக மிஞ்சியிருக்கிற செடி, வருடத்துக்கு ஒரு வாழ்க்கை, ஐப்பசி மழையில் முளைத்துப் பூத்து விதை கொட்டித் தைக்குள் செத்துப்போகும், அடுத்த மழை வரை அந்த இனமே மண்ணுக்குள் தூங்கும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பெண்மணி விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் காலை, மேனேஜரின் துணியும் பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது எது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. பெண்மணி சரி என்றார். மேனேஜர் தமக்குத் தாமே நாலரை போட்டுக்கொண்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையர் ஒப்புக்கொண்ட மாதிரியைப் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிய அட்டையைக் கட்டி, பிளாஸ்டிக் பூட்டுப் போட்டு சீல் வைத்துவிடுவோம். கடைசிப் பெட்டி கப்பல் ஏறும்வரை அதை யாரும் தொடக்கூடாது, துவைக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. துணி நகல்தான், மாதிரி இந்தப் பூ, ஆகவே சீல் வைக்க வேண்டியது இதற்குத்தான் என்றார் மேனேஜர். பூவைப் பையில் போட முடியாது. அதனால் கையெழுத்துப் போட்ட அட்டையைப் பக்கத்து வெள்வேல மரத்தின் கிளையில் கட்டிப் பூட்டுப் போட்டார். கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதுபோல இதுவும் உள்ளூர் வேண்டுதல் என்று நினைத்து, அந்தப் பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டார்.

இவ்வளவும் மேனேஜர் வேடிக்கைக்குச் செய்ததாகத்தான் நினைத்தேன். மறுவாரம் ஜேசிபி வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த நிலத்தில் குடோன் கட்ட முதலாளி எப்போதோ முடிவு செய்திருந்தார்; அது மேனேஜருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மழை நிற்கட்டும் என்றுதான் காத்திருந்தார். மேனேஜர் சாயக்கறை படிந்த கையோடு வெளியே வந்து, மரத்தில் தொங்கிய அட்டையை முதலாளிக்குக் காட்டினார். சீல் வைத்த சேம்பிள், ஆர்டர் ஓடுகிற வரைக்கும் அசைக்கக்கூடாது என்றார். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. தொழில் தொடங்கிய காலத்தில் ஒருமுறை, சீல் வைத்த சேம்பிளை யாரோ துடைக்கிற துணியென்று எடுத்து மிஷினைத் துடைத்துவிட, ஒரு ஷிப்மென்ட் மொத்தமும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து வீட்டுச் சாமி அறைக்கு அடுத்தபடியாக அவர் பயப்படுவது சேம்பிள் அறைக்குத்தான். மரத்தை அண்ணாந்து பார்த்தார், பூவைக் குனிந்து பார்த்தார், ஜேசிபியைத் திரும்பிப் போகச் சொன்னார். "சேம்பிள் இருக்கற வரைக்கும் காட்டுல கை வெக்கறதில்லீங்க. சேம்பிள் போச்சுன்னா அப்பறம் என்னயக் குத்தஞ் சொல்லக்கூடாதுங்க" என்றார். போதும், அவ்வளவுதான் வேண்டும் என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் கேட்டேன், ஒரு பூவுக்காக இவ்வளவு நாடகமா என்று. "இத்தன வருசமா கலரு போட்டு என்ன கண்டேன்வே? எல்லாம் டிரம்முல வந்த கலரு. அதுல மிச்சத்தக் கழுவிவிட நான் படுத பாடு உமக்குத் தெரியும். இது ஒண்ணுதான் தானா வந்த கலரு. அதையும் சிமென்ட் போட்டு மூடிட்டு ரிட்டயர் ஆனா எனக்குச் சோறு எறங்காது" என்றார். பிறகு டீக்கு இரண்டரை கொடுத்துவிட்டு எழுந்தார்.

சேம்பிள் என்று ஆகிவிட்டதல்லவா, கம்பெனி முழுவதும் பாதுகாப்பில் இறங்கியது. கிளுவை வேலிக்கு உள்ளே ஆளுயரத்துக்குக் கம்பி வலை. வாசலில் பூட்டு. கால்நடை உள்ளே வரக் கூடாது என்று தமிழிலும் ஹிந்தியிலும் போர்டு. ஆடுகள் எந்த மொழியில் படித்தாலும் புரியட்டும் என்று இரண்டிலும் நான்தான் வாசகம் எழுதினேன். ஆட்டுக்கார அம்மாளின் குத்தகை ரத்தானது. கோடையில் மண்ணுக்குள் தூங்கும் விதைக்குத் தாகம் எடுக்குமே என்று மேனேஜரே ஸ்பிரிங்ளர் போடச் சொன்னார். சீல் வைத்த பொருளை யாரும் தொடக் கூடாது என்ற எங்கள் சட்டத்தை ஒரு நிலம் முழுவதற்கும் அமல்படுத்திவிட்டோம். ஒரு காலடி படவில்லை, ஒரு வாய் மேயவில்லை. எங்கள் சேம்பிள் அறையில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. பையரும் அதே நிறத்துக்கு மறுபடி ஆர்டர் கொடுத்திருந்தார். மேனேஜர் தினமும் காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போய், தினமும் வெறுங்கையோடு வந்தார். உள்ளே கொழுக்கட்டைப் புல் இடுப்புயரம் வளர்ந்து படுத்துக் கிடந்தது. அதன் அடியில் வெயிலும் இல்லை, வெற்று மண்ணும் இல்லை. ஒரு பூ இல்லை. கார்த்திகை பிறந்ததும் முதலாளி வந்தார். கோபமெல்லாம் இல்லை, அவர் மரியாதையாகப் பேசினால்தான் எங்களுக்குப் பயம். "மேனேஜருங்க, நானுந்தானுங்க தேடிப் பாத்தேன். சேம்பிளக் காணோமுங்களே. தீபம் போனதும் வேலைய ஆரம்பிச்சுக்கலாமுங்களா?" என்றார். சாயம் பிசகிப் போனால் மேனேஜர் கத்துவார், பாத்திரத்தைத் தட்டுவார். அன்று பூட்டுச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வெறுமனே நின்றார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவரிடமிருந்து ஃபோன். உடனே வாரும் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கம்பி வலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். குத்தகை போன பிறகு ஆட்டுக்கார அம்மாள் தன் ஆடுகளை எங்கள் வலைக்கு வெளியே, கிளுவையை ஒட்டிய நடைபாதை வழியாகத்தான் அடுத்த கொறங்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பாதையில், ஆட்டுக் குளம்பு கொத்திப் போட்ட மண்ணில், புழுக்கைகளுக்கு நடுவில், கோடு கிழித்ததுபோல ஊதா. வலைக்கு உள்ளே புல். வெளியே பூ. மேனேஜர் பாதையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆடு புல்லத் திங்குது, இதத் திங்காது. மண்ணக் கெளறிவிட்டுட்டுப் போகுது. அதுதான்வே இதுக்கு வேணும். நாம என்ன பண்ணினோம்? சேம்பிளப் பூட்டி வச்சிட்டு, சேம்பிளச் செஞ்ச ஆள வெளிய தொரத்திட்டோம்" என்றார்.

முதலாளியைப் பாதைக்கு அழைத்து வந்தோம். பாதை நம்முடையது இல்லையே என்று நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். ஒரு கோடை, ஒரு மழை, அவ்வளவு தவணைதான் கேட்டார் மேனேஜர். அதற்குள் உள்ளே பூக்கவில்லை என்றால் குடோனுக்கு முதல் கல்லைத் தாமே எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, பூவும் கண்ணெதிரே இருந்தது, முதலாளி சம்மதித்தார். வலையை மேனேஜர் தம் கையாலேயே வெட்டினார். ஆட்டுக்கார அம்மாளைச் சம்மதிக்க வைப்பதுதான் முதலாளியைவிடக் கஷ்டமாக இருந்தது. "போன வருசம் போர்டு மாட்டித் தொரத்தி உட்டீங்க. இப்ப ஆட்ட வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறீங்களா சாமி? எழுதுனது ஆரு, இவருதானுங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். ஆமாங்க என்று ஒப்புக்கொண்டேன். குத்தகைப் பணம் இல்லாமல் மேய்ச்சல், கூடவே போர்டைக் கழற்றி அவர் வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கதவாகக் கொடுப்பதாகப் பேசி முடிந்தது. நான் எழுதியவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அந்த வருடம் முழுக்க ஆடுகள் மேய்ந்தன. பழுத்த புல்லெல்லாம் கரைந்து, தரை மறுபடி தெரிந்தது. ஐப்பசியில் மழை பிந்தியது. மேனேஜர் வானத்துக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்கவில்லை. பிறகு ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது, விட்டு விட்டு இன்னும் சில நாள் பெய்தது. ஒரு காலை ஷிப்டுக்கு வந்த தையல்காரப் பெண்கள் மாடி ஜன்னலில் கூட்டமாக நின்று, கீழே வேலைக்கு வராமல் இருந்தார்கள். திட்டுவதற்காக மேலே போன நானும் அங்கேயே நின்றுவிட்டேன். கிளுவை வேலியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வெள்வேல மர நிழலையும் விடாமல், காடு முழுக்க அந்த நிறம். யாரோ பெரிய கட்டு ஒன்றைப் பிரித்துத் துணியை உதறி விரித்ததுபோல. அதன் நடுவில் செம்மறிகள் எதுவுமே நடக்காததுபோலப் புல்லை மட்டும் தேடித் தின்றுகொண்டிருந்தன. மிஷின் ஓடாததைக் கேட்டு மேலே வந்த முதலாளி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துத் தம் வீட்டம்மாவிடம், எல்லோரும் உடனே கிளம்பி வாங்க, வெயில் ஏறினால் மூடிக்கும் என்றார். குடோனை இருக்கிற கட்டடத்தின் மேலேயே இன்னொரு தளமாகக் கட்டிக்கொண்டார். கேட்பவர்களிடம், கீழே சேம்பிள் இருக்குதுங்க என்பார்.

மேனேஜர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்த நிறத்துக்கு ஆர்டர் நின்று போயும் வெகு காலமாகிறது. சட்டப்படி சீலை எப்போதோ எடுத்திருக்க வேண்டும். ஒருவரும் எடுக்கவில்லை. அட்டை வெளுத்து, கையெழுத்து மறைந்து, பூட்டு மட்டும் கிளையில் தொங்குகிறது. முதல் வருடம் அவருக்குப் பூவை ஃபோனில் படமெடுத்து அனுப்பினேன். ஃபோனில் கலர் பார்க்கிறவனெல்லாம் ஒரு மனுசனா என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஐப்பசி மழை விழுந்ததும் நான் தகவல் மட்டும் சொல்வேன், அவர் ரயிலேறி வந்துவிடுவார்.

போன ஐப்பசியிலும் வந்தார். என் மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அன்று பூவோடு பொருந்திய அந்தத் துணியை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குள் போனோம். முட்டி மடங்க மறுத்ததால் நான் பிடித்து உட்கார வைத்தேன். துணியைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடிக்கு அடியில் இருந்தும் துணி வெளுத்திருந்தது; ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. பூ அன்று பார்த்த அதே பூ. மூணு என்றார் துணிக்கு, வருத்தமே இல்லாமல். பூவுக்கு எவ்வளவு சார் என்று கேட்டேன். "அசலுக்கு யாருவே மார்க்கு போடுவா?" என்றார். அப்போது பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஒரு செம்மறிக் கிடாய் நெருங்கி வந்தது. பூவை மோந்து பார்த்தது, மூக்கைச் சுளித்தது, திரும்பி அவர் கையில் இருந்த துணியைக் கவ்வி ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டது. இரண்டு முறை மென்று, தரையில் துப்பிவிட்டுப் போனது.

மேனேஜர் அந்தக் கிடாய் போவதையே பார்த்தார். "அஞ்சுவே" என்றார். "மோந்து பாத்து, மென்னு பாத்துல்லா சொல்லுதான். இந்தப் பயலுக்கு அஞ்சு."

துணியைத் துடைத்து மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனி யாராவது எலியா என்று கேட்டால் நீளமாகச் சொல்லப் போவதில்லை. எலி இல்லைங்க, இன்ஸ்பெக்‌ஷன்.